மறு: மறு: ஓலை கிழிக்கும் கட்டைக்கு ஒரு பெயர் (அவசரம்)

காரைக்குடியிலிருந்து:
வணக்கம். விடுமுறை வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொட்டான் (பனையோலைக் கூடை) முடையச் சொல்லித் தருகிறோம். துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முடைவதைக் கூடப் பழக்கிவிடலாம், ஓலையை ஒரே அகலத்தில் கிழிப்பதுதான் பெரும்பாடு. ஈர்க்கை எடுத்துவிட்டு ஊசியாலோ நகத்தாலோ கீறினால் ஒரு நுனி கால் அங்குலம், மறு நுனி அதில் பாதி. அப்புறம் அடி சதுரமாக உட்காராது, வாய் கோணிக்கொள்ளும்.

இதற்குக் கோட்டையூர்த் தச்சர் ஒருவர் வழி கண்டிருக்கிறார். சின்னப் பலகையில் சவர பிளேடுகளை வரிசையாக நிறுத்தி, இடையில் பித்தளை வாசர் கோத்து, மரையாணியால் இறுக்கியிருக்கிறார். ஓலையை அழுத்தி இழுத்தால் பட்டை பட்டையாக ஒரே அளவில் வருகிறது. வாசரைக் கூட்டினால் அகலம் கூடும், குறைத்தால் குறையும். ‘ஓலை ஸ்ட்ரிப்பர்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை.

புதுவயலிலிருந்து:
போழி. வேறு யோசிக்க வேண்டாம்.
போழ்தல் பிளத்தல். ஓலைக் கிழிசலுக்கே போழ் என்று பெயர். ‘நாரும் போழும்’ செய்து வயிறு கழுவியவர்களைப் புறநானூறு பேசுகிறது. இகர விகுதி சேர்த்தால் கருவிப்பெயர்: துருவி, கரண்டி. (கரண்டி கரண்டுதலிலிருந்து வந்தது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் தனி இழையில் வரலாம்.) பொழுது என்பதும் போழ்துதான். இரவையும் பகலையும் பிளப்பது எதுவோ அது போழ்து என்று நான் சொல்லிவருகிறேன்.

தேவகோட்டையிலிருந்து:
ஐயா, பொழுதை விட்டுவிடுவோம், வெள்ளிக்கிழமை வந்துவிடும். ‘போழி’ என்று கரும்பலகையில் எழுதினால் பாதிப் பிள்ளைகள் கோழி என்று படிப்பார்கள்.
அருவாமணை, துருவுமணை எல்லார் வீட்டிலும் உண்டு. இதுவும் பலகைமேல் அலகு நிற்கிற கருவிதான். ஏடு எழுதிய காலத்திலிருந்தே ஓலை வாருதல் என்ற வழக்கும் இருக்கிறது. ‘வாருமணை’ போதும்.

சிங்கப்பூரிலிருந்து:
வாருமணை என்றதும் எனக்குத் தோசைதான் நினைவுக்கு வந்தது. ‘ஓலையீரி’ எப்படி? ஈர்தல், ஈர்வாள் எல்லாம் இருக்கிறதே.

தேவகோட்டையிலிருந்து:
தோசையை வார்த்தோம், தலையை வாரினோம். வார்த்தல் வேறு, வாருதல் வேறு, இறந்தகாலமே காட்டிக்கொடுத்துவிடும். வாருமணை ஊறுகாய் போல வினைத்தொகை. ஓலையீரி என்றால் பேன், ஈர் ஞாபகம் வரும் அண்ணே.

புதுவயலிலிருந்து:
1939 முதல் கம்பன் விழா நடக்கிற ஊர் காரைக்குடி. கம்பன் போழ்தலைத் தாராளமாக ஆள்கிறான். அந்த ஊர்ப் பிள்ளைக்குப் போழி புரியாது என்றால் சொல்லைக் குறை சொல்வதா, சொல்லித் தராத நம்மைக் குறை சொல்வதா? கணினியும் இணையமும் வந்தபோதும் ‘யாருக்குப் புரியும்’ என்றுதான் கேட்டார்கள். புழங்கினால் புரியும்.

கானாடுகாத்தானிலிருந்து:
மருமகள் தட்டச்சு செய்து தருகிறாள். எங்கள் வீட்டில் இதைக் கிழிக்கிற கட்டை என்கிறோம். பெயர் எதுவானாலும் சரி, துண்டறிக்கையில் இதைப் போடுங்கள்: ஓலை மொரமொரவென்று காய்ந்திருந்தால் இந்தக் கட்டையில் இழுக்கக் கூடாது, ஓரமெல்லாம் சிம்பு அடிக்கும். ஈரத்துணியில் சுற்றி வைத்து, வளைத்தால் ஒடியாத பதத்தில் இழுக்க வேண்டும். வேலை முடிந்ததும் பிளேடைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். துரு ஏறினால் சாயம் போட்ட ஓலையில் கறை விழும். பிள்ளைகள் இழுக்கும்போது பெரியவர் யாராவது கூட இருக்கட்டும், அது சவர பிளேடு.
புதுவயல் ஐயாவுக்கு ஒன்று: நாரும் போழும் செய்தவர்கள் வயிற்றுப்பாட்டுக்குச் செய்தார்கள். நாங்கள் கல்யாணத்தில் சீர் வைக்கக் கொட்டான் முடைந்தோம். இப்போது பிள்ளைகள் பொழுதுபோக்காக முடைகிறார்கள். புறநானூற்றைச் சொல்லி அவர்களைப் பயமுறுத்த வேண்டாம்.

காரைக்குடியிலிருந்து:
ஆச்சி சொன்னதை அப்படியே சேர்த்துவிட்டேன், மிக்க நன்றி. பெயரில், எழுதியவர்களில் பெரும்பாலோர் வாருமணை பக்கம். மற்றவர்கள் களைத்துப்போய் ஒன்றும் எழுதவில்லை, அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். ‘வாருமணை’ என்று போட்டு, பக்கத்தில் ‘ஓலை கிழிக்கும் கட்டை’ என்று விளக்கமும் கொடுத்திருக்கிறேன். படமும் உண்டு.

தச்சர் ஒரு செய்தி சொன்னார். பலகை கனமாக இருக்கிறதாம், அடுத்ததைச் சீப்பு மாதிரி கையில் பிடிக்கிற அளவுக்குச் சிறியதாகச் செய்கிறாராம்.

புதுவயலிலிருந்து:
பலகையே இல்லாததை மணை என்று எப்படிச் சொல்வீர்கள்? போழிக்கு அந்தச் சங்கடம் கிடையாது. அச்சகத்துக்கு இன்னும் போகவில்லை என்றால் தகவல் தரவும்.