பனி மூடிய சோலார் பேனல் மாடல்: 10% மூடினாலே பவர் பூஜ்யம்! அவசரம்

குடந்தை_ட்ரிபிள்ஈ: நாளன்னிக்கு ரிவ்யூ. பேனல்ல கீழ 10% பனி மூடினாலே 100% லாஸ் காட்டுது. மேல 90% வெயில்லதானே இருக்கு? ப்ரோகிராம்ல தப்பு இல்ல, பாத்துட்டேன்.

மன்னார்குடி மோட்டார்: மச்சைத் துளைக்கிற மாசிப் பனியா தம்பி? பனியில அறுவடைத் தூசி ஊறி, கீழ்ச் சட்டத்தோரம் வழிஞ்சு பட்டையா காஞ்சிடும். வெயில் ஏறுமுன்ன ஈரத்துணியால துடைங்க. உப்பு போர் தண்ணி வேண்டாம், வெள்ளைத் திட்டு விழும்.

வெண்ணாறு: எந்த ஊர்? எந்த மென்பொருள்? பேனல் நிமிர்த்தியா (நீளப் பக்கம் மேல்கீழா), படுக்கையா (நீளப் பக்கம் கிடையா)? முழு செல்லா, ஹாஃப் கட்டா (செல்லைப் பாதியா வெட்டினது)?

பழைய_கை: ப்ரோகிராம்ல தப்பே இல்லன்னா இங்க என்ன வேலை? நிழல் விழுந்த செல்லைத் தவிர்த்துக் கரண்ட்டைச் சுத்தி விடற பைபாஸ் டையோடு பாடத்தை ஒரு தடவை படிச்சிட்டு வரலாமே.

குடந்தை_ட்ரிபிள்ஈ: லே, லடாக். பிவிலிப் (சோலார் கணக்குக்கான பைத்தான் நூலகம்), அதுல பனி லாஸ் கணக்கிடற டிசி_லாஸ்_என்ஆர்இஎல் ஃபங்ஷன். 72 செல். நம்_ஸ்ட்ரிங்ஸ் (ஸ்ட்ரிங் எண்ணிக்கை) 1.

மன்னார்குடி மோட்டார்: அடடா, அந்தப் பனியா! உறைபனின்னு போட்டிருக்கலாமே.

பழைய_கை: உறைபனி ஊட்டிப் புல்லுல படியறது. வானத்துலேர்ந்து விழறது வெண்பனி.

மன்னார்குடி மோட்டார்: ரெண்டும் குளிருக்குத்தான் சார் விழுது.

வெண்ணாறு: தமிழ் வகுப்பு அப்புறம். அந்த ஃபங்ஷன் மூடிய பங்கை ஸ்ட்ரிங் எண்ணிக்கையால பெருக்கி, மேல்நோக்கி முழு எண்ணாக்கி, அதே எண்ணிக்கையால வகுக்கும். 0.1 × 1 மேலேறி 1 ஆகுது, அதான் 100%.

நம்_ஸ்ட்ரிங்ஸ்ங்கறது இன்வெர்ட்டருக்குப் போற ஸ்ட்ரிங் இல்ல. பேனலுக்குள்ள கீழ் ஓரத்துக்கு இணையா அடுக்கியிருக்கிற தனித்தனி செல் வரிசை. 72 முழு செல்னா 6 × 12, 3 டையோடு, ஒவ்வொண்ணுக்கும் 24 செல். நிமிர்த்தி வெச்சா கீழ் வரிசை 6 செல்லும் மூணு டையோடு பகுதியையும் தொடும், மூணும் போயிடும். 1 சரிதான், பவர் பூஜ்யமும் சரிதான். படுக்கைன்னா 3 போடணும்: ஒரு டையோடு பகுதி மட்டும் போகும், லாஸ் 33%, 37 வோல்ட் பேனல் 24 வோல்ட்டுக்கு இறங்கும். ஹாஃப் கட் நிமிர்த்தின்னா 2, லாஸ் 50%.

ஒண்ணு கவனிங்க. இந்த மாடல் பனியில ஒளியே ஊடுருவாதுன்னு வெச்சுக்குது. மெல்லிய பனியில ஓரளவு ஊடுருவும். அது வேணும்னா செல் செல்லா சிங்கிள் டையோடு சமன்பாடு (செல்லோட கரண்ட்டையும் வோல்ட்டையும் இணைக்கிறது) போட்டு, பைபாஸுக்கு 0.5 வோல்ட் கழிச்சு ஐ-வி (கரண்ட்-வோல்ட்) வளைவைக் கூட்டணும். அதுலேர்ந்து வர்ற பவர் வளைவுல ரெண்டு மூணு உச்சி வரும், பெரிய உச்சியை எடுங்க.

பழைய_கை: பனி சறுக்கறதையும் பாக்கச் சொல்லுங்க. 30 டிகிரி சாய்வுல மணிக்குப் பேனலோட சாய்வு நீளத்துல சுமார் 10%தான் இறங்கும்.

குடந்தை_ட்ரிபிள்ஈ: 3 போட்டேன், 33 வந்துடுச்சு. நன்றி சார்!!

வெண்ணாறு: தம்பி, பேனல் நிமிர்த்தியா படுக்கையான்னு இன்னும் சொல்லலையே?