வெறும் காணியில் காடு தானாக எழும்புமா? விதை வந்து சேருவது எப்படி?

காட்டோரம்:
வணக்கம். முல்லைத்தீவு மாவட்டம் ஒட்டுசுட்டான் பக்கம் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி, வெளியாக்கி 12 வருசம். கினியாப் புல்லும் உண்ணிப் பற்றையும்தான் நிக்குது. 400 மீற்றரில பழைய காடு. பாலை, வீரை, முதிரை எல்லாம் இருக்கு. கன்று வாங்கி நடாமல், விதை தானாக விழுந்து காடு வர வழி இருக்கோ? இவ்வளவு காலத்தில ஏன் ஒரு முதிரைக் கன்றும் வரேல்லை?

அலைகரை:
முதிரை காற்றை நம்பின மரம். காய் காய்ந்து மூன்றாக வெடிக்கும். உள்ளே இருக்கிற தட்டை விதைக்கு ஒரு பக்கம் மட்டும் கடதாசி மாதிரிச் செட்டை. பாரம் ஒரு பக்கம், செட்டை மறுபக்கம் என்றபடியால் சுழன்று சுழன்று மெதுவாக இறங்கும். அந்த நேரத்துக்குள் காற்றுத் தள்ளினால்தான் தூரம் போகும். அடர்ந்த காட்டுக்குள் காற்றுக் குறைவு, பெரும்பாலான விதை தாய்மரத்தடியிலேயே விழுந்துவிடும். 400 மீற்றர் முதிரைக்கு வெகுதூரம். தப்பி வருகிற ஒன்றிரண்டும் கினியாப் புல்லின் மேல் சிக்கி, வேர் மண்ணைத் தொட முதலே காய்ந்துபோகும். எருக்கலை அப்படியில்லை. விதை நுனியில் பட்டுப் பஞ்சு இருப்பதால் சோளகக் காற்றோடு எவ்வளவு தூரமும் போகும்.

பாலையும் வீரையும் தின்னுகிற வாயை நம்பின மரங்கள். பாலைப்பழத்தைக் கரடி, குரங்கு, மரநாய், இருவாட்சி எல்லாம் தின்னும். பளபளத்த கோது தடிப்பானது, குடலால் போய்வந்தாலும் விதைக்குச் சேதமில்லை. ஆனால் இந்தச் சீவன்கள் வெட்டவெளியில் அதிகம் நடமாடாது. உங்கள் காணிக்குப் பாலை வராததற்குக் காரணம் அதுதான். மண்ணில் குறை தேடவேண்டாம். யானை மட்டும் வெளிக்கு வரும், விளாவையும் பனையையும் அதுவே கொண்டுவந்து போடும். ‘வேழம் உண்ட விளங்கனி’யில் வேழம் என்பது ஒரு நோய் என்று சொல்வார்கள், அது எப்படியோ, விளாங்காய்க் காலத்து லத்தியைக் கிண்டிப் பாருங்கள், விதை கிடக்கும்.

விதைப்பெட்டி:
அப்படியென்றால் பறவை இருக்க இடம் செய்யுங்கள். கவர்விட்ட காய்ந்த கொப்புகளை 3, 4 மீற்றர் உயரத்துக்கு நடுங்கள், ஏக்கருக்கு பத்து போதும். காட்டுப் பக்கத்தில் நெருக்கமாகத் தொடங்கி உள்ளே வாருங்கள். மைனாவும் கொண்டைக்குருவியும் காட்டில் தின்றுவிட்டு வந்து குந்தும், எச்சத்தோடு விதை கொப்படியிலேயே விழும். வேம்பு, இலந்தை, காரை முதலில் வரும்.

பலபேர் பிழைவிடுவது அடியில்தான். கொப்பு நட்டுவிட்டுப் புல்லை அப்படியே விட்டால் விதை மண்ணுக்குப் போகாது. புரட்டாதியில், மழைக்கு முதல், ஒவ்வொரு கொப்படியிலும் ஒரு மீற்றர் சுற்றுக்குப் புல்லை வேரோடு கிளப்புங்கள். மண்வெட்டியால் மேலாகச் செதுக்கினால் கினியாப் புல் இரண்டு கிழமையில் திரும்பி நிற்கும். உண்ணிப் பற்றையின் விதையையும் அதே பறவைகள்தான் கொண்டுவரும். மாரி ஈரத்தில் சாண் உயரத்தில் பிடுங்கினால் இலேசு, அடுத்த வருசம் கத்தி வேண்டும்.

முதிரையைக் கையால் தூவுங்கள். முதல் மழையோடு, சுரண்டின மண்ணில், விரல்நகம் அளவுக்கு மேல் புதைக்காமல். நாவல் விதை காய்ந்தால் உயிர் போய்விடும், வேப்பம் விதையும் கன நாள் வைத்தால் முளைக்காது. பழம் பொறுக்கி, சதையைக் கழுவி, ஒரு கிழமைக்குள் மண்ணில் போடவேண்டும். வன ஒதுக்குக்குள் பொறுக்க அனுமதி எடுங்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத பகுதிக்குள் விதைக்காகவும் இறங்கவேண்டாம்.

காட்டோரம்:
மாடு கட்டினால் புல்லும் குறையும், சாணியோடு விதையும் வருமே?

அலைகரை:
வரும். ஆனால் மாடு கொண்டுவருவது பெரும்பாலும் வேல், இப்பில் இப்பில் மாதிரிக் கடின விதை. கூடவே இளங்கன்றையும் மிதித்துத் தின்னும். வைகாசிக்கு முதல் காணியைச் சுற்றி 4 மீற்றர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி நெருப்புத் தடுப்புப் போடுங்கள், அது மாட்டைவிடப் பிரயோசனம். கினியாப் புல்லில் ஒருக்கா நெருப்புப் பிடித்தால் முளைத்த கன்று எல்லாம் முடிந்தது.

வாய்க்கால்:
ஒருவரும் சொல்லாத ஒரு வாகனம் இருக்கு: அறுவடை மெசின். காலபோகம் முடிய வேறு மாவட்டத்திலிருந்து வருகிற மெசினின் சில்லுச் சேற்றிலும் அடித்தட்டிலும் பார்த்தீனியம் என்ற நச்சுக் களையின் விதை வரும். கறுப்பு, ஒரு மில்லிமீற்றர் சொச்சம், கண்ணில் படாது. ஒரு பெரிய செடி 15,000 விதைக்கு மேல் கொட்டும், முளைத்து 4 முதல் 6 கிழமையில் பூக்கும். காணி வாசலுக்கு வெளியே, வாய்க்காலில் வழியாத இடத்தில், மெசினையும் லாண்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு மெசினையும் கழுவவிட்டு உள்ளே எடுங்கள். முளைத்துவிட்டால் பூக்க முதல், ஈர மண்ணில், கையுறை முகமூடியோடு வேரோடு பிடுங்குங்கள். வெட்டினால் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். பூத்ததை உதறாமல் பையில் கட்டிக் காயவைத்து எரியுங்கள். மெசின் கழுவின இடத்தை இரண்டு கிழமைக்கு ஒருக்கா போய்ப் பாருங்கள், முதல் செடி அங்கேதான் நிற்கும்.