மைதானத்துல கீபோர்டு: கால்பந்து ஃபைனலுக்கு என்ன சவுண்ட், எத்தனை கட்டை?

அஞ்சரைக்கட்டை:

வணக்கம் மக்களே. அடுத்த மாசம் ஒரு லெவன்ஸ் டோர்னமென்ட் ஃபைனல். டீம் உள்ள வரும்போது, ஹாஃப் டைம்ல, கப் குடுக்கும்போதுன்னு மூணு இடத்துல லைவா வாசிக்கச் சொல்லியிருக்காங்க. கையில இருக்கிறது 61 கீ அரேஞ்சர் கீபோர்டு, 64 பாலிஃபனி (ஒரே நேரத்துல 64 வாய்ஸ் வரைக்கும் ஒலிக்கும்). சவுண்ட் சர்வீஸ்காரர் நாலு கூம்பு ஸ்பீக்கர், ரெண்டு பாக்ஸ் ஸ்பீக்கர் தர்றேன்னார். கேலரியில ஒரு பறை செட் இருக்கும். வுவுசெலா (நீள பிளாஸ்டிக் குழல்) ஊதுற பசங்க கண்டிப்பா இருப்பாங்க.

நான் போட்டு வச்சிருக்கிற கணக்கு: உள்ள வரும்போது சாம்பியன்ஸ் லீக் ஆந்தம், ஹாஃப் டைம்ல ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் ராக் பேண்டோட செவன் நேஷன் ஆர்மி, கடைசியில லிவர்பூல் பாட்டு (யூ வில் நெவர் வாக் அலோன்). எந்த சவுண்ட், எத்தனை கட்டை (சுருதி)? பின்னாடி ஸ்டைல் (கீபோர்டு தானா வாசிக்கிற தாளம்) ஓடவிட்டா சரியா வருமா? கச்சேரி மேடை பழக்கம்தான், மைதானம் புதுசு.

கறுப்புக்கட்டை:

ஹாஃப் டைம்ல இருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் உங்களுக்குக் கை குடுக்கப் போறது.

செவன் நேஷன் ஆர்மியோட அந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற துண்டு) மூணு கட்டையில, அதாவது ஈ-யில. நம்ம கணக்குல ச ச க ச நி த ப. சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம், சுத்த தைவதம், எல்லாம் நடபைரவி ராகத்து ஸ்வரம்தான். முதல் பார்ல ச ச க ச நி, ரெண்டாவது பார்ல தைவதம் ரெண்டு அடி, பஞ்சமம் ரெண்டு அடி. கீழ் பஞ்சமத்துல இருந்து மேல காந்தாரம் வரைக்கும் எண்ணிப் பாருங்க, எட்டே எட்டு அரைக்கட்டை (ஒரு கீக்கும் அதை ஒட்டின கீக்கும் உள்ள தூரம்). அவ்வளவு சின்ன இடத்துக்குள்ள முடிஞ்சுடறதால தொண்டையே இல்லாதவனும் பாடிடுவான். வரி வேண்டாம், மொழி வேண்டாம், "ஓ" போதும். 2003 அக்டோபர்ல மிலன்ல பெல்ஜியத்து கிளப் ப்ரூக்கே ரசிகர்கள் கையில எடுத்தாங்க, அப்புறம் ரோமா ரசிகர்கள், 2006-ல இத்தாலி கப் அடிச்சப்போ ஊரே பாடுச்சு.

இப்போ சிக்கல். ரெக்கார்டுல கேக்கிற அந்த அடி சவுண்ட் பேஸ் கிட்டார் இல்ல. சாதா கிட்டாரை ஒரு பெடல் வழியா ஒரு ஆக்டேவ் கீழ இறக்கியிருக்காங்க. ஷட்ஜம் 82 ஹெர்ட்ஸ்ல விழுது. உங்க கூம்புல சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஒண்ணும் வராது. ஃபிங்கர் பேஸ் டோன் போட்டு அங்க வாசிச்சீங்கன்னா பக்கத்துல நிக்கிற உங்களுக்கு பாக்ஸ்ல கேக்கும், எதிர் கேலரிக்கு வெறும் "டொக் டொக்".

அதனால வலது கை நடு சி-க்கு மேல இருக்கிற ஈ-யில (330 ஹெர்ட்ஸ்), இடது கை அதே வரியை ஒரு ஆக்டேவ் கீழ. டோன் பிராஸ் செக்‌ஷன், கூடவே ஓவர்டிரைவ் கிட்டாரையோ சா லீடையோ (கூர்மையான சிந்த் டோன்) லேயர் பண்ணுங்க, அதாவது சேர்ந்து ஒலிக்க விடுங்க. இந்த மாதிரி டோன்ல மேல் ஹார்மானிக்ஸ் நிறைய இருக்கு. அடி ஸ்வரம் ஸ்பீக்கர்ல வராட்டியும் காது அதைத் தானா நிரப்பிக்கும். ஃப்ளூட், சாஃப்ட் பேட் பக்கம் போகாதீங்க, காத்துல கரைஞ்சு போயிடும்.

ஸ்டைல் வேண்டவே வேண்டாம். ஒரிஜினல் வேகம் 124 சுமாருக்கு. கூட்டம் முதல் சுத்துல அதைப் பிடிக்கும், மூணாவது சுத்துல அந்த த, ப ரெண்டையும் முழுசா இழுக்காம முழுங்கிட்டு ஓடும். மெஷின் அதுக்காகக் காத்திருக்காது. நீங்கதான் அந்த ரெண்டு நீள ஸ்வரத்தையும் அழுத்திப் பிடிச்சு ஆளுங்களைத் தாளத்துல உக்கார வைக்கணும்.

மிக்சர்_மணி:

கறுப்புக்கட்டை சொன்னது சரி, ஆனா அதுக்கு முன்னாடி சவுண்ட் வெளிய வரணுமே.

1. ஹெட்ஃபோன் ஜாக்ல இருந்து ஸ்டீரியோ கேபிள் எடுத்து ஆம்ப்ளிஃபயரோட மைக் இன்புட்ல செருகுவாங்க. அந்த இன்புட் பேலன்ஸ்டா (ரெண்டு வயருக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கிற வகை) இருந்தா ரெண்டு பக்கமும் ஒண்ணா வர்ற சவுண்ட் ஒண்ணையொண்ணு வெட்டிக்கும். எக்கோ மட்டும் கேக்கும், மெலடி காணோம். "கீபோர்டு ரிப்பேர்"னு அலறுவாங்க. ரிப்பேர் இல்ல. பின்னாடி லெஃப்ட்/மோனோன்னு எழுதியிருக்கிற அவுட்புட்ல ஒத்தை கேபிள் போடுங்க. ஹெட்ஃபோன் ஜாக் மட்டும்தான் இருக்குன்னா இடது, வலது பிரிக்கிற ஒய் கேபிள் எடுத்து ரெண்டு லைன் இன்புட்ல குடுங்க.

2. ஆம்ப் பந்தல்ல, நீங்க கோட்டோரமான்னா நடுவுல 30, 40 மீட்டர் வயர் ஓடும். சாதா கிட்டார் கேபிளை நீட்டினா ஜெனரேட்டர் இரைச்சல் முழுக்க உள்ள வரும். கீபோர்டு பக்கத்துலயே ஒரு டிஐ பாக்ஸ் (நீள வயர்ல இரைச்சல் ஏறாம சிக்னலை மாத்திக் குடுக்கிற சின்னப் பெட்டி), அங்க இருந்து மைக் கேபிள். ஹம் வந்தா டிஐ-ல கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்க. பவர் பிளக்ல இருக்கிற எர்த் பின்னைக் கழட்டுற வேலை மட்டும் கூடாது.

3. அடாப்டர் மறந்துட்டு வந்து பக்கத்தாள்கிட்ட கடன் வாங்கினா, கீபோர்டு அடியில இருக்கிற படத்தைப் பாருங்க. யமஹா 12 வோல்ட், உள்ள பிளஸ். பழைய கேசியோ பலதுல 9 வோல்ட், உள்ள மைனஸ். முனை பொருந்துதுன்னு செருகிட்டா போர்டு போயிடும். பேட்டரி போடுற மாடலா இருந்தா புது செட் உள்ளயே இருக்கட்டும். ஜெனரேட்டர் மாத்துற அந்த ஒரு செகண்டுல கீபோர்டு அணைஞ்சு எழுந்தா லேயர், டிரான்ஸ்போஸ் (கீபோர்டு சுருதியை ஏத்தி இறக்குற செட்டிங்) எல்லாம் பழைய நிலைக்குப் போயிடும்.

4. ரிவெர்ப் (கீபோர்டே சேர்க்கிற எதிரொலி) கிட்டத்தட்ட பூஜ்யம். நாலு கூம்பு நாலு மூலையில நின்னாலே தேவைக்கு மேல எக்கோ இருக்கு.

5. பாக்ஸ் ரெண்டையும் உங்களுக்குப் பக்கத்துக் கேலரியைப் பார்த்து வைங்க. கூம்பைக் காதுல வாங்கி வாசிக்காதீங்க.

அஞ்சாவதுக்குக் காரணம்: மைதானம் குறுக்க 68 மீட்டர். நம்ம ஊர் வெயில்ல சத்தம் செகண்டுக்கு சுமார் 350 மீட்டர் ஓடும். நீங்க அடிச்சது எதிர்க் கேலரிக்குப் போய், அவங்க கைத்தட்டல் திரும்பி உங்க காதுக்கு வர 0.4 செகண்ட். 124 வேகத்துல ஒரு அடியே 0.48 செகண்டுதான். முக்கால் அடிக்கு மேல லேட். அதுக்கு ஒத்துப்போகப் பார்த்தா ஒவ்வொரு சுத்துக்கும் வேகம் இறங்கிக்கிட்டே போகும். பறைக்காரங்க உங்க பக்கத்துக் கேலரியில உக்காந்தா அவங்க கையைப் பார்த்து வாசிங்க. எதிர்ப்பக்கம்னா கண்டுக்காதீங்க.

கார்னர்கிக்:

நான் வாசிக்கிறதை விட மேட்ச் பார்க்கிறது அதிகம், அதனால பாட்டு லிஸ்ட் பத்தி மட்டும்.

லிவர்பூல் பாட்டை எடுத்துடுங்க. 1945-ல ஒரு அமெரிக்க மேடை நாடகத்துக்கு எழுதின பாட்டு அது. 1963-ல லிவர்பூல் பேண்ட் ஒண்ணு பாடி ஹிட் ஆனதும் லிவர்பூல் டீமோட மைதானம் ஆன்ஃபீல்டுல ஒட்டிக்கிச்சு. மெதுவா ஆரம்பிச்சு ஒரு ஆக்டேவுக்கு மேல ஏறுது. ஏறி முடிக்கிற அந்த இடம்தான் உயிர். வரி மனப்பாடமா தெரிஞ்ச ஆயிரக்கணக்கான பேர் அதைத் தூக்கிட்டுப் போவாங்க. நம்ம கூட்டத்துக்கு வரி தெரியாது, நீங்க தனியா அழுதுகிட்டு வாசிப்பீங்க. தோத்த டீம் தலையைத் தொங்கப்போட்டு நிக்கும்போது அது வேறயா?

சாம்பியன்ஸ் லீக் ஆந்தமும் வேண்டாம். 1992-ல டோனி பிரிட்டன் அமைச்சது, உரிமை யுஇஎஃப்ஏ-கிட்ட (ஐரோப்பியக் கால்பந்து சங்கம்). ஆனா அவர் அடிப்படையா எடுத்தது ஹாண்டல்ங்கிற பழைய இசையமைப்பாளர் 1727-ல இங்கிலாந்து ராஜா முடிசூட்டுக்கு எழுதின "சாடக் த ப்ரீஸ்ட்". ஹாண்டல் செத்து 250 வருஷத்துக்கு மேல ஆச்சு, யாரும் பில் போட மாட்டாங்க. அதையே வாசிங்க. கேக்கிறவன் "அட, சாம்பியன்ஸ் லீக்"னுதான் சொல்லுவான். என்னைக் கேட்டா ஒரிஜினல்தான் கெத்து.

கறுப்புக்கட்டை:

கார்னர்கிக் நல்ல பாஸ் குடுத்துட்டார். ஹாண்டல் உங்க வேலைக்குத் தச்ச சட்டை மாதிரி. ரெண்டு கட்டை, டி மேஜர். முன்னாடி நீளமா ஸ்ட்ரிங்ஸ் மட்டும் ஆர்பெஜியோவா (கார்டை ஸ்வரம் ஸ்வரமாப் பிரிச்சு) ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும், அப்புறம் திடீர்னு கோரஸ் வெடிக்கும். டீம் வெளிய வந்து வரிசையா நிக்க ஒண்ணு, ஒண்ணரை நிமிஷம் ஆகும். யாராவது லேஸ் கட்டிக்கிட்டு நின்னா இன்னும் ஆகும். அதுவரைக்கும் ஆர்பெஜியோவைச் சுத்துங்க. கடைசி ஆள் நின்னதும் கோரஸ்ல இறங்குங்க.

ரெண்டு விஷயம் கவனம். ஸ்லோ ஸ்ட்ரிங்ஸ் டோன் போடாதீங்க. அட்டாக் மெதுவா இருக்கிறதால விரல் அடுத்த ஸ்வரத்துக்குப் போன பிறகுதான் முதல் ஸ்வரம் வாய் திறக்கும். மார்கடோ மாதிரி சுருக்குன்னு ஆரம்பிக்கிற டோன் வேணும். அதுலயும் பதினாறாம் பங்கு ஸ்வரங்களை அப்படியே வாசிச்சா கூம்பு எக்கோவுல கூழாயிடும். ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்து எட்டாம் பங்கா வாசிங்க, யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ரெண்டாவது, கோரஸ் வர்ற இடத்துல ஸ்ட்ரிங்ஸோட கொயர் லேயர் பண்ணுவீங்க. ஸ்டீரியோ டோன்ல ஒரு ஸ்வரம் ரெண்டு வாய்ஸ் சாப்பிடும். ரெண்டு லேயர்னா நாலு. ரெண்டு கையும் சேர்ந்து ஆறு கீ பிடிச்சா 24. சஸ்டெய்ன் பெடலை மிதிச்சபடி மூணு கார்டு மாத்தினா 72, உங்ககிட்ட இருக்கிறது 64. பழைய ஸ்வரங்கள் சட்டு சட்டுனு அறுந்து விழும். பெடலைத் தொடாதீங்க, விரலாலயே ஒட்டி வாசிங்க.

அஞ்சரைக்கட்டை:

லிவர்பூல் தூக்கியாச்சு. கப் குடுக்கும்போதும் அதே ரிஃப்தான், பறையோட. வுவுசெலாவுக்கு வழி சொல்லலையே? அப்புறம், நான் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கூட்டம் பாட ஆரம்பிச்சுட்டா?

மிக்சர்_மணி:

வுவுசெலா ஆறரைக் கட்டை, நடு சி-க்குக் கீழ இருக்கிற பி ஃப்ளாட், 233 ஹெர்ட்ஸ் சுமாருக்கு. 2010 தென்னாப்பிரிக்கா வேர்ல்ட் கப்ல காதுல கேட்ட அந்தத் தேனீக் கூட்டம் இதுதான். ஒண்ணு 233, இன்னொண்ணு 238-ல ஊதினா செகண்டுக்கு அஞ்சு தடவை அலையடிக்கும், நூறு பேர் ஊதினா சொல்லவே வேண்டாம். அதே வருஷம் யுஇஎஃப்ஏ தன்னோட போட்டிகள்ல தடை போட்டது சும்மா இல்ல. ஈக்யூ (மிக்சர்ல ஒலியை வடிகட்டுற குமிழ்) வச்சு அதை வெட்ட முடியாது, அது உங்க மிக்சர் வழியா வரலையே.

மூணு கட்டையில வாசிச்சா உங்க பஞ்சமம் பி, அவன் ஊதறது பி ஃப்ளாட். அரைக்கட்டை வித்தியாசத்துல நேருக்கு நேர் மோதும், அதுவும் நீங்க இழுத்துப் பிடிக்கிற அந்தக் கடைசி ஸ்வரத்துல. டிரான்ஸ்போஸ் மைனஸ் ஒண்ணு வைங்க, ஷட்ஜம் ஈ ஃப்ளாட்டுக்கு இறங்கும், வுவுசெலா உங்க பஞ்சமமாயிடும். ஓசியில ஒரு தம்புரா.

கறுப்புக்கட்டை:

கூட்டம் முந்திக்கிட்டா மிக்சர்ல வால்யூமை இறக்கச் சொல்லிட்டு ஹெட்ஃபோன்ல ஷட்ஜத்தைத் தேடுங்க. ஒரு கை கீ மேல, இன்னொரு கை டிரான்ஸ்போஸ் பட்டன்ல. பெரும்பாலும் ரெண்டு கட்டைக்கு நடுவுலதான் நிப்பாங்க. அப்போ மாஸ்டர் டியூனிங் (மொத்த சுருதியையும் கொஞ்சமா நகர்த்துறது). 440-ல இருந்து 446-க்கு ஏத்தினா கால் கட்டைக்குக் கிட்ட... மன்னிக்கணும், அரைக்கட்டையில கால் பங்கு. நாலாவது சுத்துல உள்ள நுழைஞ்சா போதும். பின்தொடர்றது பிடிக்கலைன்னா முதல்லயே நீங்க சத்தமா நாலு சுத்து வாசிச்சுடுங்க, உங்க சுருதிக்கு அவங்க வருவாங்க. இடது கையை டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் மாதிரி வச்சுக்குங்க. ஒரே இடத்துல நின்னு ஆக்டேவ் பிடிக்கட்டும், கோல் அடிக்கக் கிளம்பக்கூடாது.

கார்னர்கிக்:

ஒண்ணு விட்டுட்டீங்க. பந்து ஓடும்போது கீபோர்டுல கை வைக்கவே கூடாது. முக்கியமா டிரம் கிட் (ஒவ்வொரு கீயும் ஒரு தாள வாத்தியமா ஒலிக்கிற டோன்).

கறுப்புக்கட்டை:

ஆமா, நல்ல வேளை சொன்னீங்க. ஜெனரல் மிடி (கீபோர்டுகளுக்குப் பொதுவான நம்பர் வரிசை) டிரம் கிட்ல 71, 72-ஆம் நம்பர் ரெண்டும் விசில், ஒண்ணு குட்டை, ஒண்ணு நீளம். நடு சி-க்கு மேல வர்ற பி, அதை ஒட்டின சி. ஹாஃப் டைம் முடிஞ்சு டிரம் கிட்டை மாத்த மறந்துட்டு முழங்கை பட்டா கூம்பு நாலுலயும் ரெஃப்ரீ விசில். ஸ்ட்ரைக்கர் நின்னுடுவான், அப்புறம் உங்களை அடிக்க வருவான். அந்த ரெண்டு கீ மேலயும் இன்சுலேஷன் டேப் ஒட்டி அடையாளம் வச்சுக்குங்க. ஆட்டம் ஆரம்பிச்சதும் மாஸ்டர் வால்யூம் பூஜ்யம்.