திரையில் 1,150, ரேக்கில் 23: சப்ளை செயினைச் சீர்செய்யப் போய்க் கற்றுக்கொண்டவை

உற்பத்தித் திட்டமிடலில் இருப்பவர்:

பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கொள்முதல், இருப்பு, உற்பத்தி எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைக்கும் புதிய இ.ஆர்.பி. மென்பொருள் போட்டு எட்டாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில் லைன் நின்றுவிட்டது. எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் இல்லை. திரையைப் பார்த்தால் இருப்பு 1,150 என்று காட்டுகிறது. ரேக்கில் ஒரே ஒரு அட்டைப்பெட்டிதான் இருந்தது, அதுவும் வாய் பிரிந்து. கொட்டி எண்ணினோம், 23.

மீதி எங்கே போனது என்று இரண்டு நாள் தேடினோம். பெரிய ஓட்டை சரக்கு வாங்கும் மேசையிலேயே இருந்தது. பெட்டிக்கு 100 என்று வந்துகொண்டிருந்த பேக்கிங்கை சப்ளையர் 50 ஆக மாற்றியிருக்கிறார். டெலிவரி சலானில் அது இருக்கிறது, மென்பொருளில் யாரும் மாற்றவில்லை. வந்தது 20 பெட்டி. 1,000 சீலை 2,000 என்று கணக்கு ஏற்றுக்கொண்டது.

அதைக் கழித்தும் 127 இடித்தது. அதைத்தான் நான் இங்கே சொல்ல வந்தேன்.

எண்ணெய் தடவாமல் அவசரத்தில் மாட்டினால் சீலின் உதடு உள்ளே மடங்கிவிடும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுக்க வேண்டியதுதான். பகலில் ஸ்லிப் போட்டு எடுப்பார்கள். இரவு ஷிப்டில் ஸ்டோரில் ஆள் கிடையாது, சாவி சூப்பர்வைசரிடம் இருக்கும், எழுதாமலே எடுத்துவிடுவார்கள். ஏன் எழுதவில்லை என்று ஒரு ஃபிட்டரிடம் தனியாகக் கேட்டேன். "எழுதினா காலை மீட்டிங்ல என் பேரைப் படிப்பாங்க சார். எழுதலைன்னா யாருக்கும் தெரியாது" என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. உண்மையை எழுதினால் தண்டனை என்று நாங்கள்தான் வைத்திருந்தோம்.

மென்பொருளைத் திருத்த ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. மீட்டிங்கில் பெயர் படிப்பதை நிறுத்த மூன்று மாதம் போராடினேன். லைன் பக்கத்தில் ஒரு சிவப்புத் தொட்டி வைத்து, வீணானதைப் பெயரில்லாமல் அதில் போடச் சொன்னோம். ஷிப்டு முடிவில் எண்ணிக் கணக்கில் கழிப்போம். முதல் மாதம் ஸ்க்ராப், அதாவது வீணான பாகங்களின் எண்ணிக்கை எகிறியது. "உங்க திட்டம் வந்ததும் வேஸ்ட் கூடிருச்சே" என்று மேலே கேட்டார்கள். கூடவில்லை, அதுவரை மறைந்திருந்தது வெளியே வந்தது. அந்த மாதம் நிர்வாகம் பயந்து பின்வாங்கியிருந்தால் பழையபடியே ஆகியிருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை ஸ்டோரை மூடிக்கொண்டு ஸ்டாக் எடுப்பதையும் விட்டுவிட்டோம். முக்கியமான பாகங்களை வாராவாரம் எண்ணுகிறோம், திருகு, வாஷர் எல்லாம் எப்போதாவது.

கொள்முதல் பிரிவிலிருந்து:

சார், உங்கள் ஃபிட்டர் செய்ததை நான் பர்ச்சேஸ் ஆர்டரில் செய்திருக்கிறேன். சொல்லவே சங்கடமாக இருக்கிறது.

ஒரு எலக்ட்ரானிக் பாகத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. கேட்டதில் பாதிதான் தருவோம் என்றார் சப்ளையர். எனக்கு 6,000 வேண்டும், 12,000 கேட்டேன். பயத்தில் இன்னொருவரிடமும் ஆர்டர் வைத்தேன். என்னைப் போலவே எல்லோரும் கேட்டிருப்பார்கள் போல. சப்ளையர்கள் அதை நிஜத் தேவை என்று நம்பி உற்பத்தியைக் கூட்டிவிட்டார்கள். தட்டுப்பாடு விலகியதும் மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியது. நடைபாதையில் பேலட், ஃபோர்க்லிஃப்ட் திரும்ப இடமில்லை.

இதைப் புல்விப் விளைவு என்பார்கள். வாடிக்கையாளர் பக்கம் தேவை லேசாக அசைந்தாலும், சப்ளையர்களை நோக்கிப் பின்னால் போகப் போகச் சாட்டை மாதிரி வீச்சு பெருகும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர் 1958லேயே எழுதிவிட்டார். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஹாவ் லீயும் இன்னும் இருவரும் 1997ல் நான்கு காரணங்களைச் சொன்னார்கள். கணிப்பை அடிக்கடி மாற்றுவது, ஆர்டரைச் சேர்த்துவைத்து மொத்தமாகப் போடுவது, விலை ஏற்ற இறக்கம், தட்டுப்பாட்டில் கூட்டிக் கேட்பது. நான்காவதைப் படித்தபோது என்னைப் பற்றியே எழுதியது போலிருந்தது.

பிறகு ஒருநாள் சப்ளையரோடு உட்கார்ந்து மனம் விட்டுப் பேசினேன். அவர் சொன்னார்: "நீங்க 12,000 கேட்டா, எப்படியும் பாதிதான் வேணும்னு நாங்களே கழிச்சுக்குவோம் மேடம்." இருவருமே பொய்யான எண்ணை வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் இருப்பதை ஊகித்துக்கொண்டிருந்திருக்கிறோம். இப்போது ஆர்டரோடு எங்கள் அன்றாட உபயோகக் கணக்கையும் அனுப்புகிறேன். மாதக் கடைசியில் மொத்தமாகப் போட்ட ஆர்டரை வாரமாகப் பிரித்துவிட்டோம். லாரி வாடகை கொஞ்சம் கூடுகிறது, அதற்கு நிதிப் பிரிவோடு இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சப்ளையர் தரப் பரிசோதகர்:

இரண்டு சப்ளையர் வைத்தால் பாதுகாப்பு என்று நாங்களும் நம்பினோம். ஒரே வாரத்தில் இருவரும் கையை விரித்தார்கள். விசாரித்தால் இருவருமே முலாம் பூச ஒரே பட்டறைக்கு அனுப்பியிருக்கிறார்கள், அங்கே தொட்டி பழுது.

1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானில் ஐசின் சைகி என்ற உதிரிபாக நிறுவனத்தின் காரியா ஆலை தீப்பிடித்தது. டொயோட்டாவின் பிரேக்குக்கான ஒரு சின்ன வால்வு கிட்டத்தட்ட முழுக்க அங்கிருந்துதான் வந்தது. கையிருப்பு சில மணி நேரத்துக்கே, கார் ஆலைகள் நின்றன. 2011 பூகம்பத்துக்குப் பிறகு டொயோட்டாவில், சப்ளையருக்குச் சப்ளை செய்கிறவர்கள் வரை விவரம் திரட்ட ஆரம்பித்தார்கள்.

நாங்களும் கேட்டோம். யாரும் தரவில்லை. நேரடியாகப் போய் வாங்கிவிடுவோம் என்ற பயம், நியாயமான பயம்தான். கடைசியில் விலையும் பெயரும் வேண்டாம், எந்த இடத்தில் நடக்கிறது, அது நின்றால் மாற்று இருக்கிறதா, இது மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்தோம். பாதிப்பேர் தந்தார்கள்.

ஸ்டோரில் வேலை பார்ப்பவர்:

சார், சிவப்புத் தொட்டி நல்ல விஷயம். ஒன்று மட்டும் விட்டுப்போச்சு. லேபிளைப் படிக்கிற உங்க ஸ்கேனர் எங்கே இருக்கு? எங்க இடத்துல ஆபீஸ் மேசைல இருந்தது. ரேக்கிலிருந்து அறுபது அடி நடக்கணும். ஒவ்வொரு தடவையும் யாரும் நடக்க மாட்டாங்க, சட்டைப் பைல லேபிளைச் சேர்த்து வச்சு ஷிப்டு முடிவுல அடிப்பாங்க. ரெண்டு லேபிள் தொலைஞ்சா அவ்வளவுதான். அதுவரைக்கும் கணினி சொல்றது காலை நேரத்துக் கணக்கு.

உற்பத்தித் திட்டமிடலில் இருப்பவர்:

அண்ணா, இதை நான் யோசிக்கவே இல்லை. இன்று மதியம் போய்ப் பார்த்தேன். எங்களுடையதும் வாசல் பக்கத்து மேசையில்தான் இருக்கிறது, ஒயரோடு. ஒயர் இல்லாத ஸ்கேனர் இரண்டு வாங்க எழுதிக் கொடுத்துவிட்டேன். வரும்வரை அந்த மேசையையே ரேக் பக்கம் நகர்த்தச் சொல்லியிருக்கிறேன்.