மல்லாந்து படுத்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

பள்ளத்தூர்ப் பொண்ணு:
தலைப்பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கிறேன், எட்டாம் மாதம் ஓடுகிறது. நேற்று காரைக்குடிக்கு ஸ்கேன் எடுக்கப் போனேன். மல்லாக்கப் படுக்கவைத்து ஜெல் தடவி, பிள்ளையின் தலை அளவு, தொடை எலும்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் காது அடைத்தது, ஏசி அறையிலும் வியர்த்துக் கொட்டியது, வயிற்றைப் புரட்டியது, சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் கண்ணும் இருட்டிவிட்டது. டாக்டரம்மா பதறவே இல்லை. "இடது பக்கம் திரும்பிப் படும்மா" என்றார், அவ்வளவுதான், எல்லாம் தெளிந்துவிட்டது. இட்லி சாப்பிட்டுத்தான் போனேன், பசி மயக்கம் இல்லை. வீட்டில் சொன்னால் அப்பத்தா கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுவிட்டார்கள்! இந்த வெயிலுக்கு ஆத்தங்குடிக் கல் தரையில் முதுகு படப் படுப்பது ஒன்றுதான் எனக்குச் சுகம், அதையும் விட வேண்டுமா?

ஓய்வுபெற்ற நர்ஸ், தேவகோட்டை:
தங்கச்சி, பிரசவ வார்டில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். மாசமாக இருக்கும்போது உடம்பில் ரத்தத்தின் அளவே ஏறக்குறைய பாதி கூடிவிடும். காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் அதை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற பெருஞ்சிரை முதுகெலும்பை ஒட்டி, சற்று வலது பக்கமாக மேலே ஏறுகிறது. சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு. பிள்ளை, பனிக்குட நீர், நஞ்சுக்கொடி, கருப்பை எல்லாம் சேர்ந்து நிறைமாதத்தில் அஞ்சு கிலோவை ஒட்டி இருக்கும், நீ மல்லாந்தால் அந்தப் பாரம் முழுக்க சிரையை முதுகெலும்போடு வைத்து அமுக்கும். இதயத்துக்குத் திரும்பி வருகிற ரத்தமே குறைந்தால் அது எதை வெளியே தள்ளும்? பிரஷர் இறங்குகிறது, உனக்குக் கண் இருட்டுகிறது, கருப்பைக்குப் போகிற ரத்தமும் குறைகிறது. எல்லாருக்கும் மயக்கம் வராது, முதுகெலும்பைச் சுற்றியுள்ள சின்னச் சிரைகள் மாற்று வழியாகிவிடும், சிலருக்கு அந்த வழி போதாது. 20 வாரம் தாண்டி வயிறு பெருத்த பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கும்.

தரையை விட வேண்டாம், முதுகு படுவதை விடு. ஒருக்களித்துப் படு.

கண்டனூர் மருமகள்:
எனக்கு சிசேரியன். முதுகில் ஊசி போட்டுப் படுக்கவைத்ததும் வலது இடுப்புக்குக் கீழே ஒரு துணிச் சுருளைச் செருகினார்கள், மேசை கோணல் போல என்று நினைத்துக்கொண்டேன். வயிறு இடது பக்கம் சரிய வேண்டும் என்பதற்காம். அந்த ஊசியே பிரஷரை இறக்கும், அதோடு சிரையும் அமுங்கினால் ரொம்பவே இறங்கிவிடும் என்று மயக்க டாக்டர் அப்புறம் சொன்னார்.

கோட்டையூர் அம்மா:
எங்கள் வீட்டில் வேறு சட்டம். புரண்டு படுத்தால் தொப்புள்கொடி பிள்ளை கழுத்தைச் சுற்றிக்கொள்ளுமாம், எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் திரும்ப வேண்டும். வலது பக்கம் படுத்தாலே மாமியார் வந்து எழுப்பிவிடுவார்கள். தூக்கமே போச்சு. முழித்துப் பார்க்கும்போது மல்லாந்து கிடந்தால் அந்தப் பயத்தில் விடியும்வரை உட்கார்ந்தே இருப்பேன். இதெல்லாம் உண்மையா ஆச்சி?

ஓய்வுபெற்ற நர்ஸ், தேவகோட்டை:
கொடி சுற்றுவது பிள்ளை தண்ணீருக்குள் நீந்துவதால். நீ புரள்வதால் இல்லை. நாலைந்து பிள்ளையில் ஒன்று கழுத்தில் கொடியோடுதான் பிறக்கிறது, பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, விரலால் எடுத்துவிடுவோம். எழுந்து திரும்பச் சொன்ன காரணம் தப்பு. ஆனால் படுக்கையிலிருந்து எழும்போது பக்கவாட்டில் திரும்பி, கையூன்றி, கொஞ்சம் உட்கார்ந்து, அப்புறம் நிற்பது நல்லதுதான், திடீரென எழுந்தால் தலை சுற்றும்.

வலது பக்கம் விஷமில்லை. சிரை வலது ஓரமாக இருப்பதால் இடது கொஞ்சம் மேல், அவ்வளவுதான். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துத் தூங்கச் சொல்கிறது, எந்தப் பக்கமானாலும் சரி என்கிறது. மல்லாந்து தூங்கப் போகிறவர்களுக்குப் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறக்கும் ஆபத்து கூடுகிறது என்று நியூசிலாந்திலும் இங்கிலாந்திலும் ஆய்வுகளில் தெரிந்த பிறகு வந்த அறிவுரை அது. தூங்கத் தொடங்கும் நிலைதான் முக்கியம், அதில்தான் அதிக நேரம் இருப்போம். நடுவில் முழித்தால் மறுபடி ஒருக்களித்துக்கொள், போதும். உட்கார்ந்து விடிய வைப்பது எந்த வைத்தியத்திலும் இல்லை, அதை மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லு.

பள்ளத்தூர்ப் பொண்ணு:
நன்றி ஆச்சி. முதுகுக்குப் பின்னால் ஒரு தலகாணி, முழங்காலுக்கு நடுவில் ஒன்று வைத்துப் பார்த்தேன், மதியம் நன்றாகத் தூங்கினேன். அடுத்த ஸ்கேனில் படுக்கும்போதே சொல்லிவிடட்டுமா?

ஓய்வுபெற்ற நர்ஸ், தேவகோட்டை:
தாராளமாகச் சொல்லு, சாய்த்து வைத்தே எடுப்பார்கள். ஒன்று மட்டும் கவனி. திரும்பிப் படுத்தும் மயக்கம் தெளியவில்லை, அல்லது பிள்ளை அசைவு வழக்கத்தை விடக் குறைந்த மாதிரி இருக்கிறது என்றால், அப்பத்தா சுற்றிப் போட்டு முடிக்கும்வரை காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, வண்டியிலும் இடது பக்கமாகவே படுத்துக்கொண்டு போ.