கைடு நம்பருக்கு ‘ஒளித்திறன் எண்’ சரிப்படாதுங்க

ஃப்ளாஷ் வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டும்னு கணக்குப் போட உதவுற ‘கைடு நம்பரு’க்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்ங்கிற பேச்சுல, ‘வழிகாட்டி எண்’ வேணாங்கிறதுல எனக்கும் சம்மதம்தான், எதுக்கு வழி காட்டுதுன்னே புரியாத பேரு. ஆனா அதுக்குப் பதிலா ‘ஒளித்திறன் எண்’ணுன்னு வச்சா சிக்கல் இன்னும் பெருசாயிடும், ஏன்னா கல்யாணத்துக்குப் படம் எடுக்கக் கம்மி காசுல ஃப்ளாஷ் தேடுறவங்க ஏமாறுற இடமே அதுதான், பொட்டில 60னு பாத்ததும் பவர் 60ன்னு நெனச்சு வாங்கிடுறாங்க.

அது பவர் இல்லீங்க. கோடாக்ஸ் டிடி685ங்கிற ஃப்ளாஷ்ல போட்டிருக்கிற 60, ஐஎஸ்ஓ (கேமராவோட ஒளி உணர்திறன்) 100ல ஃப்ளாஷ் தலைய 200 மிமீ ஜூம்ல வச்சு மீட்டர் கணக்குல சொல்றது. யோங்னுவோ ஒய்என்560ல 58, ஆனா அது 105 மிமீ ஜூம்ல. இப்ப 58ஐ விட 60 ஒசத்தின்னு எப்படிச் சொல்ல முடியும்? ஒரு ஃப்ளாஷ எந்த ஜூம்ல வச்சாலும் உள்ள கெப்பாசிட்டர் (மின்சாரத்தச் சேத்து வைக்கிற பாகம்) கொட்டுறது அதே அளவுதான், ஜூம் பண்ணா வெளிச்சம் குறுகலாப் போயி தூரமா எட்டுது, நம்பர் ஏறுது, அதே ஃப்ளாஷ 35 மிமீக்கு விரிச்சா நம்பர் பாதிக்குப் பக்கமா எறங்கிடும். திறன் அப்படியேதான் இருக்கு.

அதனால என் ஓட்டு ‘வீச்செண்’ணுக்கு. எஃப் நம்பரால (லென்ஸ் திறப்போட அளவு, நம்பர் ஏற ஏற திறப்பு சின்னது) வகுத்தா எத்தன மீட்டர் எட்டும்னு வந்துடுது, பேரும் அதையே சொல்லுது. இயற்பியல்ல வீச்சுன்னா ஆம்ப்ளிடியூடாச்சேன்னு ஒருத்தர் கேட்டது நியாயம்தான், ஆனா வெளிச்சம் ‘வீசுது’ன்னு பேச்சுலயே இருக்கு, குழப்பம் வராது. ‘எட்டெண்’ணுன்னு வச்சா எட்டாம் நம்பரான்னு கேப்பாங்க, விட்ருங்க.

இந்தச் சொல் உதவுதான்னு ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன். கல்யாணத்துல மூஞ்சிக்கு நேரா அடிக்காம கூரைல மோதவிட்டுத்தான் எடுப்போம் (இதுக்கு ‘தெறிப்பொளி’ங்கிறது அருமை, மாத்தாதீங்க). 35 மிமீல வீச்செண் 36னு வச்சுக்குவோம், ஐஎஸ்ஓவ 400 ஆக்கினா அது ரெண்டு மடங்காகி 72. தாழ்வான வெள்ளக் கூரை, போயி வர 4.5 மீட்டர், 72ஐ அதால வகுத்தா எஃப் 16, கூரை முழுங்குறதுக்கு சுமாரா ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகுறது) கழிச்சா எஃப் 8. நாம எடுக்கறது எஃப் 4லதான், அப்ப கால் பவர் போதும். அதே ஃப்ளாஷ் உயரமான மண்டபத்துல, போயி வர 9 மீட்டர்னா, எஃப் 8, கழிச்சா எஃப் 4, முழுப் பவரையும் கொட்டியாகணும். செவுரு, கூரைக்குக் கலர் அடிச்சிருந்தா அந்தக் கலரும் மூஞ்சில ஏறும், அது வேற.

முழுப் பவர்ல ஒருக்கா அடிச்சா அடுத்ததுக்கு நாலு ஏஏ பேட்டரி போட்ட ஃப்ளாஷ் ரெண்டு மூணு செகண்டு எடுக்கும், பேட்டரி எறங்க எறங்க இன்னும் ஜாஸ்தி, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிக்கிற நொடி அதுக்குள்ள போயிடும். அதனால கம்மி காசுல தேடுறவங்க வீச்செண்ண விட இந்த நேரத்தத்தான் முதல்ல பாக்கணும், லித்தியம் பேட்டரி மாடல் கொஞ்சம் கூட ஆனாலும் பரவால்ல. இந்த நேரத்துக்குப் பேரான ரீசைக்கிள் டைம்ங்கிறத தயவுசெஞ்சு ‘மறுசுழற்சி நேரம்’னு போட்டுடாதீங்க, குப்பை வண்டி ஞாபகம் வருது! ‘மின்னேற்ற நேரம்’னாலும் பேட்டரி சார்ஜ் போடறதுன்னு நெனப்பாங்க. ‘மீள்நேரம்’ போதும், சின்னதா இருக்கு.

ஒய்என்560ல டிடிஎல் (லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்த கேமராவே அளந்து ஃப்ளாஷ் பவர வச்சுக்கிறது) கெடையாது, ஆளுங்க கிட்ட வந்து தூரப் போயி நடமாடுற எடத்துல ஒவ்வொரு தடவையும் கையால பவர் மாத்திட்டிருக்க முடியாது, மூலைல நிறுத்தி வைக்கிற ரெண்டாவது ஃப்ளாஷா இருந்தா அது தாராளமா ஓகே. டிடிஎல்லுக்கு என்ன பேர்ங்கிறத அப்புறம் பாத்துக்கலாம், இப்பத்திக்கு அப்படியே இருக்கட்டும்.

ஃப்ளாஷ் விவரத்தப் பட்டியல்ல ஏத்தும்போது ‘வீச்செண் 60, 200 மிமீல’ன்னு ஜூம் அளவோட எழுதுற வழக்கத்தையும் சேத்தே கொண்டு வந்துடுவோம், வெறும் நம்பர் மட்டும் போட்டு யாராவது அனுப்பினா திருப்பி அனுப்பிடுங்க.