விட்டிலா, அந்துவா: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பூச்சிப் பட்டியலுக்கான சொற்கள்

அன்புடையீர்,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் காணப்படும் செதிற்சிறகுப் பூச்சிகளின் பட்டியலைத் தமிழில் தொகுக்கத் தொடங்கிய நாம், முதற் பக்கத்தின் முதற் சொல்லிலேயே நின்றுகொண்டிருக்கிறோம். வண்ணத்துப்பூச்சிகளை விலக்கிய பின் எஞ்சும் பெருந்தொகையை எச்சொல்லால் வழங்குவது என்பதே கேள்வி. இதுவரை வந்த மடல்களில் ‘அந்துப்பூச்சி’, ‘இராப்பூச்சி’, ‘விட்டில்’ என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. நான் ‘விட்டில்’ என்பதையே பொதுச்சொல்லாகக் கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன். ‘அந்து’ என்பதைக் கைவிடச் சொல்லவில்லை. அது எதற்கு உரியதோ அதற்கே அதை விட்டுவைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இந்த எண்ணம் எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. படுவான்கரையில் நான் விஞ்ஞானம் கற்பித்த காலத்தில், பாடசாலை வாயிலில் நின்ற அலரிச் செடியிலிருந்து ஒரு மாணவன் பச்சையும் வெண்சிவப்புமாகப் பளிங்குக் கோலம் இட்டாற்போன்ற ஒரு பூச்சியை உள்ளங்கையில் ஏந்தி வந்தான். சிறகு விரித்தால் பத்துச் சென்ரிமீற்றர் அளவு வரும் அப்பூச்சியை நான், பழக்கத்தால், ‘அந்துப்பூச்சி’ என்றேன். அவன் தலையை அசைத்து, “இல்ல சேர், நெல்லுக்குள்ள கிடக்கிறதுதானே அந்து?” என்றான். வேளாண்மைக் குடும்பத்துப் பிள்ளை. அவன் வீட்டில் அச்சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருந்தது. அன்று நான் அவனைத் திருத்தவில்லை. திருத்தப்பட வேண்டியது என் சொல்லே என்று பின்னர் தெளிந்தேன்.

அவன் கூறிய அந்து, அறிவியலில் சிற்றோட்ரோகா செரியலெல்லா எனப்படுவது. சாம்பல் மஞ்சள் நிறமுடைய அதன் சிறகுகளை முழுதாக விரித்தாலும் ஒரு சென்ரிமீற்றரைச் சற்றே தாண்டும். பெண் பூச்சி நெல்மணியின்மேல் முட்டையிடுகிறது. பொரித்த புழு ஒரு மணியைத் துளைத்து உட்புகுந்து, அந்த ஒரே மணிக்குள்ளேயே உண்டு வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வெளியேறுவதற்கென முன்னரே மெலிதாக்கி வைத்த வட்டமான வாயிலை உடைத்துக்கொண்டு பறந்து போகிறது. பெரும்போகத்து நெல்லைச் சாக்கில் கட்டி அடுக்கிய வீட்டில், சாக்கை அசைத்ததும் எழும் அந்தத் தூசிப் பூச்சியைப் பார்த்தவர்களுக்கு அந்து என்பது சேமித்ததை அரிப்பது. துணிப்பெட்டிக்குள் இடும் நப்தலீன் உருண்டையை ‘அந்துருண்டை’ என்று வழங்குவதிலும் இதே பொருள்தான் உள்ளது. சிறியது, சேமிப்பை அழிப்பது என்னும் இரண்டு பண்புகளும் இச்சொல்லோடு பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கின்றன. உலகில் இதுவரை விவரிக்கப்பட்டுள்ள ஏறத்தாழ 160,000 விட்டில் இனங்களுள் இவ்வாறு சேமிப்பை அழிப்பவை மிகச் சில. அச்சிலவற்றின் பெயரை முழுத் தொகுதிக்கும் வைத்தால், அலரியில் வந்தமர்ந்த அழகிய பூச்சியும் கேட்பவர் மனத்தில் பீடையாகிவிடும்.

‘இராப்பூச்சி’ என்ற பரிந்துரையின் எளிமை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது பொய்த்துப்போகும் இடங்கள் நம் வீட்டு வேலியிலேயே உள்ளன. கிலுகிலுப்பைச் செடியைச் சுற்றி வெள்ளைச் சிறகில் செம்புள்ளியும் கரும்புள்ளியுமாக நண்பகலில் பறக்கும் உதெத்தைசாவைச் சிறுவர்கள் வண்ணத்துப்பூச்சி என்றே எண்ணுகிறார்கள். குளவியைப்போல் உடலில் பட்டையிட்ட, கண்ணாடிப் புள்ளிச் சிறகுடைய அமாட்டாவும் பகலில் திரிவதே. ஒரு பொதுப்பெயர் பகலில் பறப்பவற்றை வாசலிலேயே நிறுத்திவிடுமானால், வேறுபாட்டை அறிய வேண்டிய இடத்தில் மாணவரைத் தவறான வழியில் விடுகிறோம். பார்க்க வேண்டியது உணர்கொம்பு: வண்ணத்துப்பூச்சிகளில் அதன் நுனி தடித்துக் குமிழாக இருக்கும், மற்றவற்றில் பெரும்பாலும் நூல்போலவோ இறகுபோலவோ இருக்கும்.

‘விட்டில்’ பற்றிய ஆட்சேபத்துக்கு வருகிறேன். பழைய இலக்கியத்தில் விட்டில் என்பது பயிரழிக்கும் வெட்டுக்கிளியையும் குறித்தது என்று நம் குழுவின் மூத்த உறுப்பினரான ஐயா எழுதியிருந்தார். அது சரியே. திருக்குறளின் ‘நாடு’ அதிகாரத்தில் 732ஆம் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர், நாட்டுக்கு வரும் கேடுகளாக மிகுமழை, மழையின்மை, எலி ஆகியவற்றோடு விட்டிலையும் கிளியையும் எண்ணுகிறார். அங்கே விட்டில் பயிர் தின்னும் பூச்சியே. எனினும் இன்று நம் பேச்சில் அப்பொருளுக்கு ‘வெட்டுக்கிளி’ என்ற தெளிவான சொல் நிலைத்துவிட்டது. விட்டில் என்றவுடன் எவருக்கும் தோன்றுவது விளக்கில் வந்து விழும் பூச்சிதான். ஒரு சொல்லின் இரண்டு பொருள்களில் ஒன்றை வேறொரு சொல் ஏற்றுக்கொண்டிருக்க, மற்றதை வரையறுத்து உறுதிப்படுத்துவதில் இடர் இல்லை.

சொல்லின் உருவாக்கத் திறனையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘அந்துப்பூச்சி’ ஏற்கெனவே கூட்டுச்சொல். அதன்மேல் இன்னொரு சொல்லை ஏற்றினால் நாக்கு தடுமாறும். விட்டிலோ தனிச்சொல். நுண்விட்டில், பகல்விட்டில், விட்டிற்புழு, விட்டிலியல் என எத்திசையிலும் இயல்பாக நீள்கிறது. மாணவர் கேட்டதும் பொருள் காணக்கூடிய சொற்கள் இவை. அதே வேளையில் தமிழ்நாட்டு நூல்களில் ‘அந்துப்பூச்சி’ பரவலாக ஆளப்படுவதால், முதற் பக்கத்தில் அதையும் இணைச்சொல்லாகக் காட்டிவிட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஒன்றை மட்டும் கவனத்திற் கொள்ள வேண்டும். வண்ணத்துப்பூச்சிகளும் விட்டில்களும் சமமான இரு கிளைகள் அல்ல. செதிற்சிறகிகள் என்ற பெருமரத்தில் வண்ணத்துப்பூச்சிகள் ஒரு சிறு கிளை. மரத்தின் மீதி முழுவதையும் நாம் வசதிக்காக விட்டில் என்கிறோம். ஆகவே ‘விட்டில் வருணம்’ என்றோ ‘விட்டில் வகுப்பு’ என்றோ எழுதக் கூடாது. படிநிலைப் பெயர்களுக்கு நம் பாடநூல்களில் உள்ள இனம், சாதி, குடும்பம், வருணம் என்பவற்றையே பின்பற்றுவோம். தமிழ்நாட்டில் இனத்தைச் சிற்றினம் என்றும், சாதியைப் பேரினம் என்றும், வருணத்தை வரிசை என்றும் வழங்குவர். ‘பேரினம்’ நம் ‘சாதி’யைவிடச் சிறந்த சொல் என்பது என் சொந்தக் கருத்து, ஆனால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளை இப்பட்டியலைக் கொண்டு குழப்ப நான் விரும்பவில்லை.

இனிக் குடும்பப் பெயர்கள். இலங்கையின் விட்டில்களுக்கு முதன்முதலில் விரிவான நூல் செய்தவர் பிரடெரிக் மூர். 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக அது வெளிவந்தது. அதன் ஓவியங்களுக்கு மூலமாக அமைந்தவை, பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்சின் மேற்பார்வையில் டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள் தீட்டியவை. சிறகை மட்டுமன்றிப் புழுவையும் கூட்டுப்புழுவையும் அவர்கள் வரைந்தது எனக்கு ஒரு வழிகாட்டலாகவே தோன்றுகிறது. நம் ஊர் மக்கள் பூச்சியை அறிவது பெரும்பாலும் புழுவைக் கொண்டுதான். வயற்காரர்கள் ‘மடிச்சுக்கட்டி’ என்று சொல்லும்போது, நெல்லிலையை நீளவாக்கில் மடித்துப் பட்டிழையால் கட்டி உள்ளிருந்து பச்சையத்தைச் சுரண்டும் புழுவின் முழு வேலையும் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகிறது. நாம் ஆக்கும் சொற்களுக்கும் இதுவே உரைகல் ஆகட்டும்.

அலரிப் பூச்சி சேர்ந்த குடும்பத்துக்கு ஆங்கிலப் பெயரின் நேர்பெயர்ப்பாக ‘பருந்து விட்டில்’ பரிந்துரைக்கப்பட்டிருந்தது. அவற்றின் பறத்தலில் பருந்தின் சாயலை நம்மவர் எவரும் கண்டதாகத் தெரியவில்லை. பூவின்முன் அமராமல் நின்றபடியே தேன் உறிஞ்சுவதைப் பார்த்தால் தேன்சிட்டைத்தான் நினைப்போம். ஆனால் அலரியிலும், வற்றாளைக் கொடியிலும், எள்ளிலும் காணப்படும் இக்குடும்பத்துப் புழுக்கள் பெரும்பாலானவற்றில் உடலின் பின்முனையில் ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். தோட்டத்தில் ஒரு தடவை கண்டவர் மறக்க மாட்டார். ஆதலால் ‘வாற்கொம்பன்’ என்று முன்மொழிகிறேன். நிலத்தை அளப்பது என்று பொருள்படும் கிரேக்கப் பெயருடைய குடும்பத்துக்கு நமக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. அப்புழுக்களுக்கு வயிற்றின் நடுப்பகுதியில் கால்கள் இல்லை. பின்முனையில் மட்டும் இரண்டு சோடி உண்டு. ஆகவே முன்புறத்தை ஊன்றிப் பின்புறத்தை வளைத்து இழுத்து, கையால் சாண் போடுவதுபோல நகர்கின்றன. ‘சாணளவி’ போதும்.

அடுத்ததாக, நம் மாவட்டங்களில் உண்மையாகவே தீங்கு விளைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெயர்க்குழப்பம். 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழுவான ஸ்பொடொப்டெரா புரூஜிபெர்டா இலங்கையில் தென்பட்டு, அம்பாறை உள்ளிட்ட மாவட்டங்களின் சோளச் செய்கையைத் தாக்கியது. சிங்களத்தில் வழங்கிய ‘சேனா’ என்ற பெயர் அப்படியே வந்து, தமிழ்ச் செய்திகளில் ‘சேனா படைப்புழு’ ஆயிற்று. சேனா என்றாலும் படையே. ஆகவே அது படைப் படைப்புழு. அதனினும் பெரிய சிக்கல், கிழக்கில் சேனை என்றால் காடு வெட்டிச் செய்யும் மேட்டுநிலப் பயிர் என்பதே. சோளமும் சேனையில் விளைவதால், இது சேனைக்கு வரும் புழு, நம் வீட்டுத்தோட்டத்துக்கு வராது என்று நம்பிய ஒரு விவசாயியை நானே சந்தித்தேன். ஆங்கிலப் பெயரில் ‘இலையுதிர்காலம்’ என்ற அடை உள்ளது; மாரியும் கோடையும் மட்டுமே அறிந்த நமக்கு அதுவும் பயன்படாது.

இங்கே அடையாளத்திலிருந்தே பெயரை எடுக்கலாம். வளர்ந்த புழுவின் தலையில், தலைகீழாகப் பிடித்த கவட்டுத்தடி போன்ற வெளிர்நிறக் கோடு இருக்கும். பின்முனைக்கு முன்னால், வயிற்றின் எட்டாம் துண்டத்தில், நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். நம் நாட்டில் முன்னரே இருந்துவரும் ஸ்பொடொப்டெரா லிற்றூராவிலிருந்து இதைப் பிரித்தறிய இவ்விரண்டும் சேர்ந்து உதவும். எனவே ‘கவட்டுத்தலைப் படைப்புழு’ என்று வழங்குவோம். பெயரைக் கேட்டவர் புழுவின் தலையைக் குனிந்து பார்ப்பார். சிறகு முளைத்த பருவத்தை ‘கவட்டுத்தலை விட்டில்’ என்று சொல்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு: விட்டிலின் தலையில் கவடு இல்லை. அதை ‘படைப்புழு விட்டில்’ என்று எழுதுவதே நேர்மை.

கடைசியாக, நாம் ஒவ்வொரு நாளும் பயன்படுத்தப்போகும் ஒரு சொல். அமாவாசையை ஒட்டிய இரவுகளில் வெள்ளைத் துணி கட்டி விளக்கேற்றிப் படமெடுக்கிறோம்; அதை ‘ஒளித்திரை’ என்பதில் எல்லோரும் உடன்பட்டுள்ளோம். ஒளி பூச்சியை ஈர்க்கிறது என்று பொருள்தரும் ‘கவர்’ என்ற சொல்லைத் தவிர்த்தது நன்று. பறக்கும் பூச்சிகள் வெளிச்சத்தின் பக்கம் முதுகைத் திருப்பி வைக்க முயல்வதாலேயே செயற்கை விளக்கைச் சுற்றிச் சிக்கிக்கொள்கின்றன என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. திரையில் அமர்ந்தவற்றுள் பலவற்றை இனம் வரை அறிய இயலாது. சிலவற்றை இனப்பெருக்க உறுப்பை வெட்டிப் பார்த்தே தீர்மானிக்க முடியும். அதுவரை தோற்றத்தை மட்டும் கொண்டு பிரித்து எண்ணிடுகிறோம். இவ்வாறு பிரித்த அலகுக்கு ‘உருவினம்’ என்ற சொல் வந்திருந்தது. நான் ‘தோற்றவினம்’ என்பதை வேண்டுகிறேன். உரு என்பது முடிந்த வடிவம். தோற்றமோ கண்ணுக்கு அப்படித் தெரிவது, பின்னர் மாறவும் கூடியது. ஆல், அரசு போன்ற மரங்களில் வளரும் பெரினா நூடாவின் ஆணுக்குச் சிறகு பெரும்பகுதி கண்ணாடிபோல் இருக்கும். பெண் வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளை. ஒளித்திரையில் இவ்விரண்டையும் பார்க்கும் எவரும் இரண்டு தோற்றவினங்களாகவே பதிவார். பின்னர் இனம் ஒன்று எனத் தெரிந்ததும் அப்பதிவைத் திருத்துவது தவறை ஒப்புக்கொள்வதாகாது. அத்திருத்தத்துக்கான இடத்தைச் சொல்லே முன்கூட்டி வைத்திருக்கிறது.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அதன் பயனாகிய கலைச்சொற்கள் 1938இல் அச்சேறின. அவர் பிறந்த மண்ணில் இப்பட்டியல் உருவாகிறது என்ற நினைவு இம்மடலை எழுதும்போது என்னோடு இருந்தது.

வாகரை முதல் பொத்துவில் வரை உள்ள உறுப்பினர்கள், தங்கள் ஊரில் புழுக்களுக்கும் விட்டில்களுக்கும் வழங்கும் பெயர்களை, எந்தச் செடியில், எந்த மாதத்தில் கண்டது என்ற விவரத்தோடு அனுப்ப வேண்டுகிறேன். குறிப்பாக வாவியோரக் கண்ணா மரங்களை உண்ணும் புழுக்களுக்குக் கரையில் வாழ்வோர் என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதை அறிய ஆவலாயிருக்கிறேன். ஹைப்லியா பியூரா என்ற விட்டிலின் புழு தேக்கையும் உண்ணும், கண்ணாவையும் உண்ணும். கரையோரத்துப் பெயர் ஒன்று கிடைக்குமானால், அதற்குத் ‘தேக்குப்புழு’ என்று நான் எழுதிவைத்திருப்பதை மாற்றிவிடுவேன்.

அன்புடன்,
படுவான்கரையிலிருந்து